அடுத்த கேள்வியைக் கேளுங்கள்

கேள்வி: வயது 34. அலுவலகத்தில் நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சே வருவதில்லை. இதற்காக ஒரு நோட்டில் 50 தலைப்புகள் எழுதி, ஒவ்வொன்றிலும் பேச வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ஆனாலும் நான் வாயைத் திறந்தால் பேச்சு அடங்கிவிடுகிறது. அதிகாலை 5 மணிக்கு எழுவது, பச்சைத் தண்ணீரில் குளிப்பது, கண்ணாடி முன் நின்று பேசுவது என்று எந்தப் பழக்கமும் 21 நாளைத் தாண்டி நிற்கவில்லை. மனைவியிடம் பேசிப் பழகலாமென்றால் தினப்படி விஷயத்தைத் தவிர அங்கே பேச ஒன்றுமில்லை. மூன்று மாதப் பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேரலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். முழுக் கடிதத்தில் சக ஊழியர்கள் அடிக்கடி வருகிறார்கள். சிரிக்கிறார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், கலைந்து போகிறார்கள். ஆனால் அவர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று ஓர் இடத்தில்கூட நீங்கள் எழுதவில்லை. அது உங்கள் காதில் விழவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நோட்டில் இருக்கும் 50 தலைப்பில் எதை எடுத்துவிடலாம் என்று தேடிக்கொண்டே நிற்கிறவருக்கு எப்படி விழும்?

பதிலை யோசித்துக்கொண்டே கேட்பது தவறில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். 2009-ல் பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி என்று கண்டார்கள். ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். அப்படியானால் எதிரில் இருப்பவர் பேசும்போதே நமக்குள் பதில் உருவாகத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பதில் அவர் சொன்னதிலிருந்து வந்தால் பேச்சு ஓடும். முந்தின நாள் ராத்திரி எழுதி வைத்த நோட்டிலிருந்து வந்தால் நின்றுவிடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவர் வந்து, "அம்மாவை நேத்து ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்" என்கிறார். "அப்படியா! எங்க அப்பாவுக்கும் போன வருஷம் இப்படித்தான், என்ன அலைச்சல் தெரியுமா" என்று நீங்கள் ஆரம்பிக்கிறீர்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த நொடியே பேச்சு உங்கள் அப்பாவுடையதாகிவிட்டது. அவருடைய அம்மா என்ன ஆனார் என்று கேட்க அங்கே ஆளில்லை. மரியாதைக்குக் கொஞ்ச நேரம் தலையாட்டிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார்.

அதே இடத்தில், "ராத்திரி கூட யார் இருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நான்தான். தம்பி வெளியூர்ல இருக்கான். பொட்டுத் தூக்கமில்ல" என்பார். இப்போது தம்பி இருக்கிறார், தூக்கம் இருக்கிறது, இன்றைக்கு அவர் ஏன் வேலைக்கு வந்தார் என்ற கேள்வி இருக்கிறது. "அப்புறம் ஏன் வந்தீங்க? உங்க வேலையில எதை நான் பார்த்துக்கட்டும்?" என்று நீங்கள் சொன்னால், அவர் அதை வருஷக்கணக்கில் மறக்கமாட்டார். இதில் எந்த வரியையும் முன்கூட்டி மனப்பாடம் செய்திருக்க முடியாது.

பேச்சைத் தன் பக்கம் திருப்பும் பதில், சொன்னவரிடமே விட்டுவைக்கும் பதில் என்று இந்த இரண்டையும் சார்லஸ் டெர்பர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1979-லேயே பிரித்துக் காட்டினார். 2017-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்விலும், சொன்னதையே தொட்டு அடுத்த கேள்வி கேட்கிறவர்களை மற்றவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. அதற்காகப் போலீஸ் விசாரணை மாதிரி வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகாதீர்கள். இரண்டு கேள்விக்கு நடுவே உங்கள் அப்பா கதையையும் சொல்லலாம். சொல்லிவிட்டு அவர் அம்மாவிடம் திரும்பி வாருங்கள், அவ்வளவுதான்.

உங்களைப் பிறர் மட்டமாக நினைக்கிறார்கள் என்ற பயமும் கடிதம் முழுக்க இருக்கிறது. 2018-ல் வந்த ஓர் ஆய்வு, புதிதாகச் சந்தித்துப் பேசியவர்களிடம் இதைக் கேட்டது. எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்று அவர்கள் போட்ட கணக்கு, உண்மையில் பிடித்த அளவைவிடக் குறைவாகவே இருந்தது. உங்கள் கணக்கும் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

சரி, பழக்கங்கள். இந்த 21 நாள் எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் நோயாளிக்குப் பழக குறைந்தது 21 நாளாகிறது என்றார். "குறைந்தது" காணாமல் போய், 21 மட்டும் ஊர் சுற்றுகிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைப் பல வாரம் கவனித்தபோது, ஒரு பழக்கம் படிய 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம், நடுவாக 66 நாள் என்று கணக்கு வந்தது. ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் பாழ் என்பதும் இல்லை. ஆகவே உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நீங்கள் உங்களைத் திட்டிக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள். விட்டது ஒரு நாள்தான், மறுநாள் தொடருங்கள்.

ஆனால் அதிகாலையில் எழுவதற்கும் பச்சைத் தண்ணீருக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? உடம்புக்கு நல்லதென்றால் செய்யுங்கள். பேச்சுக்கு வேண்டிய பழக்கம் வேறு. ராத்திரி படுக்கப் போகும் முன், இன்றைக்கு ஒருவர் உங்களிடம் சொன்ன ஒரு விஷயத்தை எழுதுங்கள். அந்த 50 தலைப்பு நோட்டிலேயே பின்பக்கத்திலிருந்து எழுதலாம். "பையனுக்கு நாளைக்குப் பரீட்சை என்றார்" என்று ஒரே வரி. மறுநாள் பார்த்ததும், "பையன் எப்படி எழுதினான்?" என்று கேளுங்கள். எழுத ஒன்றுமே இல்லாத ராத்திரிகள் முதலில் நிறைய வரும். அன்றெல்லாம் நீங்கள் யார் பேச்சையும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

மனைவி பற்றி நீங்கள் எழுதிய வரிதான் என்னை வருத்தியது. தினப்படி விஷயத்தைத் தவிர வேறென்ன பேச்சு இருக்கிறது? அலுவலகத்தில் கூடி நிற்கிற நாலு பேரும் அதைத்தான் பேசுகிறார்கள். ஒரு மனுஷி இத்தனை வருஷமாகத் தன் நாளை உங்களிடம் சொல்ல முயன்றிருக்கிறார். "ம்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தால் யாரும் சுருக்கிக்கொள்ளத்தான் செய்வார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அவர் சொல்வதிலிருந்து ஒன்றைப் பிடித்து அடுத்த கேள்வியைக் கேளுங்கள். முதல் சில நாள் அவருக்கே சந்தேகமாக இருக்கும். விடாதீர்கள்.

வகுப்பு விஷயம். மேடையேறிப் பேச வேண்டிய வேலை உங்களுக்கு இருந்தால் தாராளமாகச் சேருங்கள். இல்லையென்றால், ஒருவர் பேசியதைக் கேட்டு இன்னொருவர் அதிலிருந்து தொடரும் பயிற்சி அங்கே உண்டா என்று முதலில் விசாரியுங்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம் மேடையில் பேசிவிட்டு இறங்குவதுதான் முழு வகுப்புமே என்றால், பணம் கட்டாதீர்கள்.