டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனால் எழுந்து நிற்கவே தெம்பில்லை

கேள்வி: எனக்கு 39 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியை. ஆறு வருடமாக ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எரிச்சலுறும் குடல் நோய்) இருக்கிறது என்கிறார்கள். எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி இரண்டும் எடுத்தாயிற்று, நார்மல். வயிற்று வலியும் மாறி மாறி வரும் பேதியும்கூடப் பழகிவிட்டன. உடம்பு அசதிதான் தாங்கவில்லை. எட்டு மணி நேரம் தூங்கினாலும் காலையில் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. தலைவலி, இடுப்பு வலி, அடிக்கடி சிறுநீர் வேறு. மாதவிலக்கும் ஆறேழு நாள் அதிகமாகப் போகிறது. வீட்டிலோ, "அதான் எல்லாம் நார்மல்னு டாக்டரே சொல்லிட்டாரே" என்கிறார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் ஒருவர், 200 உணவுகளுக்கான ஒவ்வாமை டெஸ்ட் எடுத்தால் காரணம் தெரிந்துவிடும், 12,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா? பழைய ரிப்போர்ட்டுகளையும், நான் சாப்பிடும் மாத்திரை அட்டைகளின் படத்தையும், மற்ற தொந்தரவுகள், அன்றாட வழக்கம் பற்றிய தனிக் குறிப்பையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். எடுக்க வேண்டாம்.

அந்த டெஸ்ட் பார்ப்பது ஐ.ஜி.ஜி. என்ற புரதத்தை. ஒரு பொருளை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கு எதிராக ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. இருப்பது இயல்பு. அந்த உணவு உங்கள் உடம்புக்குப் பழக்கமானது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. தினமும் இட்லி சாப்பிடுகிறவருக்கு உளுந்துக்கு நேரே சிவப்புப் புள்ளி விழலாம். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் இந்த வகைப் பரிசோதனையை உணவு ஒவ்வாமைக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று 2008இலேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் அது வண்ணத் தாளில், பழங்களின் படம் போட்டு, இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது. என்னிடம் வந்த ஒரு அம்மா அப்படி ஒரு ரிப்போர்ட்டை லேமினேட் செய்து கைப்பையிலேயே வைத்திருந்தார். சிவப்பில் நாற்பது சொச்சம் உணவுகள். நாலு மாதமாகச் சோறும் பீர்க்கங்காயும் மட்டும் சாப்பிட்டு ஏழு கிலோ இளைத்திருந்தார். வயிறு பழையபடியேதான் இருந்தது. ரத்தம் எடுக்க வருகிற தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அந்த 12,000இல் ஒரு பங்கு உண்டு, அவ்வளவுதான். அந்தப் பங்கை நிர்ணயிக்கிறவர்கள் ஏசி அறையில் இருக்கிறார்கள்.

சரி, அசதிக்கு வருவோம். அது உங்கள் கற்பனை இல்லை. ஐ.பி.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அசதி உண்டு. தலைவலி, முதுகு இடுப்பு வலி, அடிக்கடி சிறுநீர், ஆழமில்லாத தூக்கம், உடம்பு முழுக்கத் தசைவலி எல்லாம் இந்த நோயோடு கூடவே வருபவை. ஆனாலும் வீட்டில் யாரும் நம்புவதில்லை, பெயர் அப்படி. "எனக்கு ஐ.பி.எஸ்." என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டதாகச் சொல்லி அழுத நோயாளி உண்டு.

ஏன் உடம்பு முழுக்க? கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டால், யாராவது மைக்கை லேசாகத் தொட்டாலே தெரு முழுக்கத் 'டம்' என்று கேட்கும். மைக்கில் பழுது இல்லை, தொட்டவர் கையிலும் பலம் இல்லை. உங்கள் குடலுக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள நரம்புகளில் அப்படி ஒலி கூடிப்போயிருக்கிறது. 1973இல் ஒரு சோதனை செய்தார்கள். பெருங்குடலுக்குள் சிறிய பலூனை வைத்து மெல்லக் காற்றடித்தபோது, மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வலிக்காத அளவிலேயே ஐ.பி.எஸ். நோயாளிகளில் பலர் வலிக்கிறது என்றார்கள். கொலோனோஸ்கோப்பி குடலின் தோலைத்தான் படம் பிடிக்கும், ஒலி அளவைப் பிடிக்காது. சிறுநீர்ப்பை, இடுப்பு, தலை எல்லாம் அதே மைக் செட்டில்தான் இணைந்திருக்கின்றன. இரவிலும் அது அணைவதில்லை. அதனால் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கிய பலன் உடம்பில் சேராது.

இதைச் சொல்லி அனுப்பிவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்தபோது, உங்கள் அசதி முழுவதையும் ஐ.பி.எஸ். தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதல் தாள், போன வருட ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 10.4. பக்கத்திலேயே தடித்த எழுத்தில் 'எல்' என்று அச்சாகியிருக்கிறது, குறைவு என்று அர்த்தம். பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். 'எல்லாம் நார்மல்' என்று சொன்னவர் குடலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், இந்தத் தாளை யாரும் பார்க்கவில்லை. குடல் டாக்டர் குடலைப் பார்ப்பார், மகப்பேறு டாக்டர் கர்ப்பப்பையைப் பார்ப்பார், இரண்டுக்கும் நடுவில் ரத்தம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே அது ஒரு நோயாக யார் கண்ணிலும் படுவதில்லை.

மாதவிலக்கு ஆறேழு நாள் என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அங்கேதான் இரும்புச்சத்து போகிறது. ஃபெரிட்டின் என்ற ஒரு பரிசோதனை எடுங்கள், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று அது காட்டும். குறைவாக இருந்தால் இரும்பு மாத்திரை. அது வயிற்றைப் படுத்தும் என்று பயப்படுவீர்கள், நியாயம்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் வயிறு ஓரளவு ஒத்துழைக்கும், உடம்பில் ஏறுவதும் குறையாது. டீ, காப்பியை மாத்திரைக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். கூடவே தைராய்டு, சர்க்கரை, பி12. வருடக்கணக்கில் காலையில் போடும் 'கேஸ் மாத்திரை' பி12ஐக் குறைக்கக் கூடியது, உங்கள் அட்டைகளில் அதுவும் இருக்கிறது.

இனி நான் ரொம்ப நேரம் பேசப் போவது இன்னொரு அட்டையைப் பற்றி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, மூன்று வருடமாக என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள்: குளோர்டையசெபாக்சைடு 5 மி.கி., கிளிடினியம் 2.5 மி.கி., டைசைக்ளோமின் 10 மி.கி. கடைசி இரண்டும் குடல் இழுப்பைத் தளர்த்துபவை. முதலாவது தூக்க மாத்திரைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மிச்சம் ரத்தத்திலிருந்து இறங்கப் பல நாட்கள் பிடிக்கும், அதற்குள் அடுத்த மாத்திரை போய்விடும். அதாவது மூன்று வருடமாக நீங்கள் லேசான மயக்கத்திலேயே வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாய் உலர்வது, பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வராதது என்று நீங்கள் சொன்னவற்றுக்கும் இந்த அட்டைக்கும் சம்பந்தம் உண்டு.

இது 'ஷெட்யூல் எச்1' மருந்து. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதிப்படி, சீட்டு இல்லாமல் தரக்கூடாது. யாருக்குக் கொடுத்தோம், எந்த டாக்டர் எழுதினார் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நீங்களோ முதல் சீட்டுக்கு அப்புறம் சீட்டே காட்டியதில்லை என்கிறீர்கள். "அதே வயித்து மாத்திரை ரெண்டு அட்டை" என்றால் போதுமாம்! எழுதிக் கொடுத்தவர் பத்து நாளைக்கு எழுதியிருப்பார், நிறுத்தச் சொல்ல மறந்திருப்பார். விதி தாளில் இருக்கிறது, மாத்திரை மேசையில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு தடவை சொல்கிறேன், திடீரென்று நிறுத்தக் கூடாது. மூன்று வருடம் பழகிய உடம்பு தூக்கமின்மை, படபடப்பு, கை நடுக்கம், பழைய வயிற்று வலி எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்பித் தரும், அரிதாக வலிப்புகூட வரலாம். மூன்றாம் நாள் நீங்களே 'இந்த மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது' என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். ஒரு டாக்டரிடம் அட்டையை நேரில் காட்டி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பகல் மாத்திரையை முதலில் குறைப்பது என் வழக்கம், ஆசிரியர்களுக்குப் பகல்தானே முக்கியம். குறைக்கிற வாரங்களில் வயிறு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அது நோய் முற்றிவிட்டதன் அடையாளம் இல்லை.

அதற்குப் பதில் என்ன? அமிட்ரிப்டிலின், மிகக் குறைந்த அளவில். இங்கிலாந்தில் 463 ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு 10 முதல் 30 மி.கி. வரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. ஆறு மாதத்தில் வெற்று மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தது. மைக் செட்டின் ஒலியைக் குறைக்கிற மருந்து இது. இதுவும் தூக்கம் தருமே என்பீர்கள். தரும், அதனால் படுக்கும்போது போடாமல் இரவு எட்டு மணிக்கே போட்டுவிட்டால் காலை மந்தம் குறையும். மருந்துக்கடையில் யாராவது "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று குசுகுசுப்பார்கள். அந்த நோய்க்குக் கொடுக்கும் அளவு இதைப்போலப் பல மடங்கு. இதய நோயோ கண்ணழுத்தமோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் உங்கள் காலை நேரம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம், பள்ளியில் ஆசிரியைகளுக்கு ஒரே கழிப்பறை, அதனால் மதியம் ஒரு மணி வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வெறும் வயிற்றில், தண்ணீரும் இல்லாமல், ஐந்து பீரியட் நின்று பேசினால் எந்த நோயும் இல்லாதவருக்கே தலை வலிக்கும். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, வெங்காயமில்லாத சட்னி, ஒரு டம்ளர் வெந்நீர். வெங்காயம், பூண்டு இரண்டும் பல ஐ.பி.எஸ். வயிறுகளில் உப்புசத்தைக் கிளப்பும், சின்ன வெங்காயத்துக்கும் விலக்கு இல்லை. ஆனால் எதையும் நாலு முதல் ஆறு வாரத்துக்கு மேல் ஒட்டுமொத்தமாக நிறுத்தாதீர்கள், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். 'குடல் சுத்தம்' என்று போனில் பார்த்து வாங்கும் பொடிகளைத் தொடவே வேண்டாம். பலவற்றில் நிலாவரை இருக்கும். தினமும் பேதியானால் பொட்டாசியம் குறைந்து கால் துவளும், அதற்கும் 'கழிவு வெளியேறுகிறது' என்று விளக்கம் சொல்வார்கள்.

நடையும் வேண்டும். அசதியாக இருக்கும்போதா என்று கோபப்படாதீர்கள். ஸ்வீடனில் 12 வாரம், வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள் உடற்பயிற்சி செய்த ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு மற்றவர்களைவிடத் தொந்தரவு குறைந்தது. நீங்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். முதல் வாரமே அரை மணி நேரம் நடந்துவிட்டு அடுத்த வாரம் முழுக்கப் படுத்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எடை தானாகக் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, சாயங்காலக் காய்ச்சல் இருந்தாலோ, இரவுத் தூக்கத்திலிருந்து பேதி எழுப்பினாலோ நான் சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும், நேரே டாக்டரிடம் போங்கள். நம் நாட்டில் குடல் காசநோய் இன்னும் இருக்கிறது.

இப்போதைக்கு ஃபெரிட்டின், தைராய்டு, பி12, சர்க்கரை, ஹீமோகுளோபின். வீட்டுக்கு வருகிற அந்தத் தம்பியிடமே ரத்தம் கொடுக்கலாம். 12,000 எல்லாம் ஆகாது, அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.