கொலஸ்ட்ரோல் கூடினால் வீட்டில் எண்ணெயையே நிறுத்த வேண்டுமா?

கேள்வி: கிளினிக்கில் அம்மாவுக்குக் கொலஸ்ட்ரோல் கூட என்றார்கள். அதிலிருந்து எண்ணெய், தேங்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கும் அதே சாப்பாடுதான். இது சரியா? (வாசகி, அட்டன்)

பதில்: பிள்ளைக்குச் சரியே இல்லை, இன்றைக்கே மாற்றுங்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாச்சத்தில் 4தான். சின்ன வயிறு நிறைய வெறுஞ்சோறு தின்றாலும் வளர்ச்சிக்குப் போதாது. மூளையும் நரம்பும் வேகமாக வளரும் வயது வேறு. அவற்றின் கட்டுமானத்துக்கே கொழுப்பு வேண்டும். ஒவ்வொரு வேளையும் மசித்த சோற்றில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ ஒரு மேசைக்கரண்டி தேங்காய் முதற்பாலோ விடுங்கள்.

கரட், பூசணி, கீரையில் உள்ள விட்டமின் ஏ சத்தும் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சரியாகச் சேரும். டி, ஈ, கே விட்டமின்களும் அப்படியே. ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். கரட் விளைகிற மலையில் இருந்துகொண்டு அதை வெறுமனே அவித்துக் கொடுப்பது வீண்.

இனி அம்மா. அவருக்கும் அடியோடு நிறுத்தத் தேவையில்லை, அளந்தால் போதும். தேங்காயில் கொலஸ்ட்ரோல் கிடையாது. ஆனால் அதன் கொழுப்பில் 90 வீதமளவு நிரம்பிய கொழுப்பு. அது கூடினால் இரத்தத்திலுள்ள எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோலை ஈரல் அகற்றுவது மந்தமாகும். 1800 கலோரி சாப்பிடுபவருக்கு நிரம்பிய கொழுப்பு நாளுக்கு 20 கிராமுக்குள் இருக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயே அதைத் தாண்டிவிடும்; நூறு கிராம் தேங்காய்த் துருவலில் 30 கிராம் இருக்கிறது. ஆகவே எண்ணெயைப் போத்தலோடு சாய்க்காமல் கரண்டியால் விடுங்கள்: அவர் பங்குக்கு நாளுக்கு மூன்று தேக்கரண்டி, முடிந்தால் சோயா எண்ணெயோ நல்லெண்ணெயோ. கறிக்கு இரண்டாம் பால், சம்பல் ஒரு மேசைக்கரண்டி. மலிவென்று வாங்கும் பாம் எண்ணெயிலும் பாதியளவு நிரம்பிய கொழுப்புத்தான். 'கொலஸ்ட்ரோல் இல்லை' என்று பக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், எந்தத் தாவர எண்ணெயிலும் அது கணக்கில் வராது.

சாளை, சூடை போன்ற மீன் கிடைத்தால் வாரம் இரண்டு நாள், பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். அதிலுள்ள ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு தேங்காயில் இல்லை.

பலர் சறுக்குவது இன்னோர் இடத்தில். எண்ணெயை விட்டதும் பசி எடுக்கும். அந்த இடத்தைக் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் பிடித்துக்கொண்டால் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு ஏறும்.

மாத்திரை கொடுத்திருந்தால், சாப்பாட்டை மாற்றிவிட்டோம் என்று அதை நிறுத்த வேண்டாம். மூன்று மாதம் கழித்து இரத்தத்தைத் திரும்பச் சோதித்து, அந்தத் துண்டோடு டொக்டரிடம் போங்கள்.