கிரகணத்தன்று வெளியே போனதால்தான் குழந்தைக்கு உதடு பிளந்ததா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

இல்லைங்க. கிரகணம் வந்தது ஐந்தாம் மாதத்தில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கரு தரித்த நாலாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் நடுவில் மேலுதடு ஒன்றுகூடிவிடும். அண்ணம், அதாவது மேல்வாய், மூன்றாம் மாதத்துக்குள் மூடிக்கொள்ளும். நாள் தள்ளிப்போய் டாக்டரிடம் காட்டப் போவதற்குள் பல பேருக்கு உதட்டு வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அரிவாள்மனையில் காய் நறுக்கினால் என்ன, நறுக்காவிட்டால் என்ன?

என் மூத்தவனுக்கும் இடது பக்கம் உதடு, அண்ணம் இரண்டும் பிளவுதான். வீட்டில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மரபியல் டாக்டர் மட்டும் என் கீழுதட்டையும் என் கணவர் கீழுதட்டையும் இழுத்துப் பிடித்து, ஊசி குத்தின மாதிரி சின்னக் குழி இருக்கிறதா என்று தேடினார். இருந்தால் அது வான் டெர் வூட் என்கிற பரம்பரைக் கோளாறாக இருக்கலாமாம். அந்த மரபணு ஒவ்வொரு பிள்ளைக்கும் போக 50 சதவீத வாய்ப்பு உண்டு. எங்களுக்கு இல்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல், பிள்ளைக்கும் வேறு குறை இல்லாமல் இருந்தால், அடுத்ததற்கு வர வாய்ப்பு நூற்றுக்கு 4 அளவுதான். பொதுக் கணக்கு சுமார் 700 பிரசவத்துக்கு ஒன்று என்பதால் இது கூடுதல்தான், ஆனால் பயந்து இன்னொரு பிள்ளையே வேண்டாம் என்கிற அளவுக்கு இல்லை.

மரபணு மட்டுமே காரணமும் இல்லை. அச்சு அசலான இரட்டையரிலேயே ஒன்றுக்கு இருந்து மற்றதற்கு இல்லாமல் போவது சகஜம். புகை, குடி, கர்ப்பத்துக்கு முன்பே கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, வால்ப்ரோயேட், டோபிராமேட் போன்ற வலிப்பு மாத்திரைகள் எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது அதைவிட ஆபத்து. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். சொந்தத்தில் கட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை நாள் தள்ளிப்போகும் முன்பே தொடங்குங்கள். பிளவைத் தடுக்கும் என்று உறுதி கொடுக்க முடியாது, தண்டுவடக் குறைபாட்டுக்கு அதன் பலன் நிச்சயம்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் உதட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் ஸ்கேனில் பெரும்பாலும் தப்பிவிடும். பிறந்ததும் வாயைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டியதுதான்.