பாலம் 300 மீட்டர், பாதை 415 கிலோமீட்டர்

கேள்வி: குடும்பத்தோடு பாங்காக் போகிறோம். க்வாய் நதிப் பாலம் பார்க்கத் தகுந்த இடமா? இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரக் கைதிகள் கட்டியதாமே, நமக்கு அதில் என்ன இருக்கிறது? (வாசகர், திருச்சி)

பதில்: நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டீர்களே, சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன். தாய்லாந்தில் காஞ்சனபுரி என்ற ஊரில் இருக்கும் அந்த ஒரு பாலத்தில் கைதிகளின் உழைப்புதான் அதிகம். ஆனால் பாலம் சுமார் 300 மீட்டர்தான். ஜப்பான் ராணுவம் 1942-43இல் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையோ 415 கிலோமீட்டர். அதில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் 60,000 சொச்சம், இறந்தவர்கள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவுக்கு இருப்பார்கள், செத்தவர்கள் 90,000 வரை என்பது கணிப்பு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், அப்புறம் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சம்பளம் தருகிறோம் என்று ஆசை காட்டியும், அது பலிக்காதபோது பிடித்துக்கொண்டும் போன பல்லாயிரம் தமிழர்கள். மலேசியத் தமிழர் யாரிடமாவது 'சயாம் மரண ரயில்' என்று சொல்லிப் பாருங்கள்.

கைதிகளுக்கு மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள், யார் எங்கே இறந்தார் என்று ஒளித்து வைத்தாவது எழுதினார்கள். அதனால்தான் ஊர் நடுவே போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேருக்கு இடம் இருக்கிறது, பெரும்பாலும் பெயரோடு, வயதோடு. காலரா வந்தபோது தோட்டத்துச் சனத்துக்கு மருத்துவரும் அநேகமாக இல்லை, பட்டியல் எழுத ஆளும் இல்லை. அவர்களில் பலருடைய எச்சங்கள் வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயிலில் ஒரு தூபியின் கீழே கிடக்கின்றன. 2023இல் அங்கே தமிழர்கள் ஒரு நடுகல் வைத்தார்கள். கல்லறையிலிருந்து அதிக தூரமில்லை, ஆனால் சுற்றுலா வேன்கள் அங்கே நிற்காது, நீங்கள்தான் கேட்டுப் போக வேண்டும்.

பாலத்துக்கு அரைமணி நேரம் போதும். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து வந்தவை, நடுவில் கோணமாக நிற்கும் இரண்டும் 1945 குண்டுவீச்சில் விழுந்ததற்குப் பதிலாகப் பின்னால் வைத்தவை. 1957இல் வந்த ஆங்கிலப் படத்தில் பார்த்த மரப்பாலத்தைத் தேடாதீர்கள், அதை இலங்கையில் கித்துள்கலையில் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆள் ஆளுக்கு வந்து க்வாய் எங்கே என்று கேட்கப்போய், மே க்ளாங் என்றிருந்த ஆற்றின் அந்தப் பகுதிக்குப் பெயரையே தாய்லாந்து அரசு மாற்றிவிட்டது!

பாங்காக்கில் தோன்புரி நிலையத்தில் காலை ரயில் ஏறி 'நாம் டோக்' என்ற நிலையம் வரை போங்கள், வெளிநாட்டவருக்கு 100 பாட் வாங்குவார்கள். இடப்பக்கம் உட்கார்ந்தால் தாம் க்ராசேயில் பாறையை ஒட்டி மரத்தூண்கள் மேல் ரயில் ஊர்ந்து போவதும் கீழே ஆறும் தெரியும். நாம் டோக்குக்கு மேல் தண்டவாளம் இல்லை. வண்டி பிடித்தால் ஹெல்ஃபயர் பாஸ், கைதிகளும் தொழிலாளர்களும் பெரும்பாலும் கையாலேயே குடைந்த பாறை வழி. ஆஸ்திரேலிய அரசு நடத்தும் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது, கட்டணம் இல்லை. ஒரே நாளில் இத்தனையும் முடியாது, ஓர் இரவு தங்குங்கள்.

நவம்பர் கடைசியில் பாலத்தில் ஒளி-ஒலிக் காட்சி, வாணவேடிக்கையாகவே குண்டுவீச்சை நடத்திக் காட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கலாம், அந்த வாரம் போவதானால் அறையை முன்னாலேயே பதிவு செய்துவிடுங்கள்.