பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை என்றாலே தயங்குவது இனத்துக்கு இனம் வேறுபடுமா?

கேட்டிருப்பது இதுதான்: அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கருப்பினத்தவருக்குப் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய அறிவும் குறைவு, நம்பிக்கையும் குறைவு என்கிறார்களே, அது இனத்தால் வருவதா? நம் ஊரில் எப்படி?

நான் வேலூரில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வித்தியாசம் இருந்தது உண்மை. ஆனால் அதை ஓர் இனத்தின் குணமாக எழுதிவைப்பதை நான் ஏற்கமாட்டேன். பரிசோதனைக்கு வா என்று யார் கூப்பிட்டார்கள், எந்தப் பரிசோதனையைச் சொன்னார்கள், காசு யாருடையது, இதெல்லாம் மாறினால் தயக்கமும் மாறிவிடுகிறது. அமெரிக்காவிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது.

அங்கே கருப்பினத்தவருக்கு இந்தப் புற்றுநோய் வெள்ளையரைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம் வருகிறது. இறப்பு சுமார் 40 சதவீதம் அதிகம். கருப்பின நடிகர் சாட்விக் போஸ்மன் 2020ல் இதே நோயால் இறந்தபோது வயது 43. அவருக்கு நோய் தெரிந்தது 2016ல். அப்போது பொதுவாகப் பரிசோதனையைத் தொடங்கச் சொன்ன வயது 50. அந்த வயதை 45 ஆகக் குறைத்தது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018ல்; அரசின் வல்லுநர் குழு 2021ல்தான் குறைத்தது. ஆக, எல்லாருக்கும் பொதுவாகச் சொன்ன விதியை அறிந்து வைத்திருந்தாலும் அவருக்குப் பயன்பட்டிருக்காது.

தயக்கத்துக்கும் அவர்களுக்குக் காரணம் உண்டு. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ வட்டாரத்தில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த சுமார் 400 கருப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசுச் சுகாதாரத் துறையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் குணமாக்கும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. இதைக் கேட்டு வளர்ந்த ஒருவர், "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் குழாய் விட்டுப் பார்க்கணும்?" என்று சொன்னால் அதை அறியாமைக் கணக்கில் சேர்க்க முடியுமா?

ஆபரேஷனில் காற்றுப் பட்டால் புற்றுநோய் பரவும் என்ற நம்பிக்கையையும் அங்கே ஆராய்ந்தார்கள். நுரையீரல் நோயாளிகளிடம் கேட்டதில், கருப்பினத்தவரில் பாதிக்கு மேல் அப்படி நம்பினார்கள். வெள்ளையரிலும் கணிசமான பேர். நம் பக்கம் "கத்தி பட்டா பரவிடும்", "பயாப்சி எடுத்ததாலதான் முத்திப்போச்சு" என்று சொல்லாத தெரு இருக்கிறதா? குடியாத்தத்தில் யாரும் இதை அமெரிக்காவில் இருந்து கற்றுக்கொண்டு வரவில்லை.

சரி, இந்தத் தயக்கம் மாறுமா என்றால் டெலவேரைப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஒரு சின்ன மாநிலம். 2002ல் தொடங்கிய திட்டத்தில், இன்ஷூரன்ஸ் இல்லாத ஏழைகளின் பரிசோதனைச் செலவை மாநிலமே ஏற்றது. புற்றுநோய் என்று தெரிந்தால் சிகிச்சைக்கும் பணம் கொடுத்தது. இதுதான் முக்கியம், ஏனென்றால் 'கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறோம், காசுக்கு எங்கே போவது' என்ற பயம்தான் பாதித் தயக்கம். அதோடு கூடவே இருந்து வழிகாட்ட நர்ஸ்களையும் நியமித்தார்கள். 2009க்குள் கருப்பினத்தவரில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 48 சதவீதத்தில் இருந்து 74 சதவீதம் ஆனார்கள், வெள்ளையருக்குச் சமமாக. அவர்களிடையே இறப்பு விகிதமும் 42 சதவீதம் இறங்கியது. மக்கள் அதே மக்கள்தான்.

சான் பிரான்சிஸ்கோவில் பல இனத்தவரையும் சேர்த்து நடத்திய ஓர் ஆய்வில், கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) மட்டும்தான் என்று சொன்னபோது செய்துகொண்டவர்கள் 38 சதவீதம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் மலப் பரிசோதனை என்றபோது 67. இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றபோது 69. இப்போது அந்த நாட்டில் கருப்பினத்தவரும் வெள்ளையரும் பரிசோதனையில் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிட்டார்கள். அதிகம் பின்தங்கி நிற்பது ஆசிய வம்சாவளியினர், அதாவது நம் ஆட்களும் சேர்த்துத்தான்!

இனி நம் ஊர். ரத்தம் எடுக்க யாரும் முகம் சுளிப்பதில்லை, யூரின் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து நீட்டுவார்கள். மூடியிலேயே சின்னக் கரண்டி வைத்த மோஷன் டப்பாவைக் கொடுத்தால்தான் சங்கடம். மறுநாள் அது பேப்பரில் சுற்றி, கருப்புக் கவரில் போட்டு, மேலே ஜவுளிக்கடைப் பையோடு வரும். பேர்ணாம்பட்டில் இருந்து வந்த ஓர் அம்மா, மகன் வெளியே பைக்கை நிறுத்தப் போன நேரம் பார்த்து, "ஏம்மா, இது என்ன டெஸ்ட்னு அவன்கிட்ட சொல்லிடாதே" என்றார். கவுண்ட்டரில் ஆண் இருந்தால் அவர் டப்பாவையே வாங்கியிருக்க மாட்டார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று குடும்பத்தார் மறுத்துப் பிரசவத்தில் பெண்கள் இறந்ததைப் பார்த்துத்தான், வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்தார். மக்களைக் கடிந்துகொண்டு இருக்காமல் 1918ல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியே தொடங்கிவிட்டார்.

அதே கவுண்ட்டரில் இன்னொன்றையும் பார்க்கிறேன். வங்காளத்தில் இருந்து ஒரு நாளுக்கும் மேல் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் இறங்கி, லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் எந்த டெஸ்ட்டுக்கும் யோசிப்பதில்லை. வந்ததே அதற்குத்தானே. வேலூருக்குள்ளேயே இருக்கும் சத்துவாச்சாரிக்காரர் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். இதை எந்த இனக் கணக்கில் எழுதுவது?

நம் பக்கம் பெரிய சிக்கல் வேறு. மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மூலம், பௌத்திரம் நோட்டீஸ் ஒட்டாத பஸ் ஸ்டாண்டு சுவர் கிடையாது. வேலூர் வெயிலில் எல்லாவற்றுக்கும் உடம்புச் சூடு என்று சொல்லிவிடலாம். மோர், துத்திக்கீரை, கருணைக்கிழங்கு என்று மாதங்கள் ஓடும். பல பேருக்கு அது மூலமாகவே இருக்கும். ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது.

இந்தியாவில் இந்தப் புற்றுநோய் மேலை நாடுகளைவிடக் குறைவு. அரசின் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் என்ற மூன்றுக்குத்தான். 2023 இறுதியில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் வீடு வீடாக மக்களை அழைத்துத் தொடங்கியதும் இந்த மூன்றுக்கே. எனவே அமெரிக்காவைப் பார்த்து 45 ஆனவர்கள் எல்லாரும் கொலோனோஸ்கோப்பிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாகவோ, எது முந்துகிறதோ அப்போதே டாக்டரைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய ரத்தம் போகிறது, மலம் கழிக்கும் பழக்கம் மாறி வாரக்கணக்கில் அப்படியே இருக்கிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது என்றால் எந்த வயதானாலும் போங்கள். ரத்தம் கண்ணுக்கே தெரியும்போது எங்களிடம் வந்து மறைந்த ரத்தத்துக்கு டெஸ்ட் எடுப்பதில் பயன் இல்லை. குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமா என்று டாக்டர் சொல்லட்டும். அப்புறம், பார்ப்பதற்கு முன் வயிற்றைச் சுத்தம் செய்ய ஒரு மருந்து குடிக்கத் தருவார்கள். கொலோனோஸ்கோப்பியில் கஷ்டமே அதுதான். குடித்த பிறகு வீட்டைவிட்டு எங்கும் கிளம்பாதீர்கள். மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.