புத்தக வடிவமைப்புத் தொழிலுக்கு ஆல் இன் ஒன் கணினி (திரைக்குள்ளேயே கணினியும் அடங்கிய ஒற்றைப் பெட்டி) வாங்கலாமா, கணினியையும் மானிட்டரையும் தனித்தனியாக வாங்குவது நல்லதா?

தனித்தனியாகவே வாங்குங்கள். பக்க வடிவமைப்பு, அட்டைப்படம், புகைப்படத் திருத்தம், வீடியோ தொகுப்பு என்று கணினியை நம்பிப் பிழைக்கும் எவருக்கும் என் பதில் இதுதான்.

வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்கு வடிவமைப்பு செய்யப்போவதாகவும், இடம் குறைவு என்பதால் 24 அங்குல ஆல் இன் ஒன் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் சென்னையில் அதே தொழிலில் இருப்பவன். இரண்டு வகையிலும் வேலை பார்த்திருக்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

திரைக்கும் கணினிக்கும் ஆயுள் ஒன்றல்ல. நல்ல மானிட்டர் 10 ஆண்டு சலிக்காமல் உழைக்கும். வந்த படத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை; அந்த வேலை ஆண்டுக்கு ஆண்டு கடினமாவதில்லை. கணினியின் கதை வேறு. மென்பொருள் ஒவ்வொரு பதிப்பிலும் கூடுதல் ரேம் கேட்கும், புதிய இயங்குதளம் கேட்கும். நான்கைந்து ஆண்டில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்து ஒட்டிவிட்டால், எது முதலில் போகிறதோ அது மற்றதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

விண்டோஸ் பக்கம் இது அண்மையில்தான் நடந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும். 7-ஆம் தலைமுறைச் செயலியோடு 2017 வாக்கில் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் வரம்புக்கு வெளியே நின்றுவிட்டன. தனிக் கேபினட் வைத்திருப்பவர் மதர்போர்டு, செயலி, ரேம் மூன்றையும் மாற்றினால் போதும்; மானிட்டரும் யுபிஎஸ்ஸும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆல் இன் ஒன் வைத்திருப்பவரிடம் பழுதில்லாத திரை ஒன்று இருக்கிறது, ஆனால் அதை வேறு கணினியோடு இணைக்க வழியில்லை. எச்டிஎம்ஐ உள்ளீடு உள்ள மாடல்கள் சில உண்டு. பலவற்றில் இருப்பது வெளியீடு மட்டுமே, அதாவது இன்னொரு திரையைச் சேர்த்துக்கொள்ள உதவும் துளை.

அப்படியானால் இத்தனை வடிவமைப்பாளர்கள் ஆப்பிளின் ஆல் இன் ஒன்னான ஐமேக்கை ஏன் கொண்டாடினார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 27 அங்குல 5கே ஐமேக் 2014 அக்டோபரில் வந்தது. 5120-க்கு 2880 புள்ளிகள், ஏறத்தாழ 1.47 கோடி. அப்போது புழக்கத்தில் இருந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இணைப்பு நொடிக்கு 17.28 கிகாபிட் வரைதான் படத்தரவைக் கடத்தும். 5கே படத்தை நொடிக்கு 60 முறை புதுப்பிக்க 21 கிகாபிட்டுக்கு மேல் வேண்டும். குழாயின் வாய் சிறியது, வர வேண்டிய தண்ணீரோ அதிகம். திரையும் கணினியும் ஒரே பெட்டிக்குள் இருந்தபோது அந்தக் குழாயே தேவைப்படவில்லை. ஆப்பிள் தனக்கென ஒரு கட்டுப்பாட்டுச் சில்லைச் செய்து உள்ளேயே இணைத்துக்கொண்டது. அதே காலத்தில் டெல் அறிவித்த 27 அங்குல 5கே மானிட்டரை இயக்க இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்கள் வேண்டியிருந்தன. அறிவித்த விலை 2,499 டாலர். 5கே ஐமேக்கின் தொடக்க விலையும் அதே 2,499 டாலர்தான். திரையின் விலையில் முழுக் கணினியும் கிடைத்தது. அன்று அதை வாங்கியவர்கள் சரியான கணக்குத்தான் போட்டார்கள்.

2016-இல் அந்தக் காரணம் தீர்ந்துவிட்டது. தண்டர்போல்ட் 3 என்ற வேகமான இணைப்பு வந்ததும், எல்ஜியின் 5கே மானிட்டர் ஒற்றைக் கேபிளில் அதே படத்தைக் காட்டியது. 2022 மார்ச்சில் ஆப்பிளே 27 அங்குல ஐமேக்கை நிறுத்திவிட்டு, மேக் ஸ்டுடியோ ஒரு பெட்டி, ஸ்டுடியோ டிஸ்ப்ளே ஒரு பெட்டி என்று பிரித்து விற்கத் தொடங்கியது. இன்று ஐமேக் என்று கிடைப்பது 24 அங்குலம் மட்டுமே.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 2009 இறுதியிலிருந்து 2014 வரை வந்த ஐமேக்குகள் பலவற்றை, ஒரு கேபிளைச் செருகி இன்னொரு மேக்குக்கு மானிட்டராக்கிக்கொள்ளலாம். 5கே மாடலில் அந்த வசதி இல்லை. 2014-இல் வந்த 5கே ஐமேக்குக்குக் கடைசியாகக் கிடைத்த இயங்குதளம், 2020-இல் வெளியான பிக் சர். அதற்குப் பிறகு மென்பொருள்கள் ஒவ்வொன்றாகக் கைவிட, அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் ஏங்கக்கூடிய அந்தத் திரை மூலைக்குப் போகிறது. சிலர் உள்ளிருக்கும் கணினியை முழுவதும் கழற்றிவிட்டு, தனியாக ஒரு கட்டுப்பாட்டுப் பலகை வாங்கிப் பொருத்தி அதை மானிட்டராக்குகிறார்கள். கை பழகியவர்கள் செய்யும் வேலை அது. தொழில் செய்பவருக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

இனி உங்கள் 24 அங்குலத்துக்கு வருகிறேன். ஐமேக்கையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 24 அங்குல ஐமேக்கின் திரை உண்மையில் 23.5 அங்குலம்; அகலம் சுமார் 52 சென்டிமீட்டர், உயரம் சுமார் 29.3. எதிரெதிராக விரித்த இரண்டு ஏ4 பக்கங்கள் ஓர் ஏ3, அதாவது 42-க்கு 29.7. அசல் அளவில் வைத்தால் உயரமே பற்றவில்லை, மெனு பட்டைக்கும் இடமில்லை. 27 அங்குலத் திரையில் அகலம் ஏறத்தாழ 59.8, உயரம் 33.6. விரிந்த பக்கம் முழுதாகத் தெரியும், கருவிப் பலகைகளுக்கும் பக்கவாட்டில் இடம் மிஞ்சும். ஏ4-ஐவிடச் சிறிய டெமி அளவு நாவல் மட்டும் செய்வதென்றால் இது பெரிய குறையல்ல. பாடநூல், பத்திரிகை, ஓவியத் தொகுப்பு என்று வரும்போது நாளெல்லாம் உருட்டி உருட்டியே பார்க்க வேண்டியிருக்கும்.

அசல் அளவில் பார்ப்பதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், தமிழ்ப் பக்கத்தின் குறைகள் அந்த அளவில்தான் கண்ணில் படும். வரி இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கினால் ஞு, ணு, து ஆகியவற்றின் கீழ்ச்சுழி, அடுத்த வரியிலுள்ள கி, றீ ஆகியவற்றின் மேற்கொக்கியில் போய் முட்டும். பெரிதாக்கிப் பார்க்கும்போது இடைவெளி தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். அச்சில் அது கறுத்த பிசிறாக விழும். இங்கே ஐமேக்குக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். அதன் திரையில் அங்குலத்துக்கு 218 புள்ளிகள். 27 அங்குல 4கே மானிட்டரில் 163, 4கே-யைவிடப் புள்ளிகள் குறைந்த கியூஎச்டி மானிட்டரில், அதே அளவில், 109. கியூஎச்டி விலை மலிவு என்று போய்விடாதீர்கள். தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு 109 போதாது.

வண்ணத்துக்கு வருவோம். அட்டை அச்சாகி வந்ததும் "திரையில் இவ்வளவு பளிச்சென்று இருந்ததே, ஏன் இருண்டுவிட்டது?" என்று பதிப்பாளர் கேட்காத மாதம் இல்லை. பெரும்பாலும் அச்சகத்தின் மேல் தவறிருக்காது. 24 அங்குல ஐமேக்கின் திரை 500 நிட்ஸ் வரை ஒளிரக்கூடியது. அச்சு வேலைக்கு வழக்கமாக 80 முதல் 120-க்குள் வைத்துக்கொள்வார்கள். ஒளியை எந்தத் திரையிலும் குறைத்துக்கொள்ளலாம். வண்ணப் பரப்பை, அதாவது திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லையை, அப்படி மாற்ற முடியாது. ஐமேக்கின் திரை பி3 வண்ணப் பரப்புக்கானது, வீடியோவுக்கு அருமையாகப் பொருந்தும். அச்சில் வரக்கூடிய சில பச்சை நீலங்களைக் காட்ட அடோபி ஆர்ஜிபி பரப்பு வேண்டும். தனி மானிட்டர் என்றால் அதற்கென்றே செய்தவை கிடைக்கின்றன. எய்சோ கலர்எட்ஜ், பென்க்யூ எஸ்டபிள்யூ வரிசைகளில் வண்ணச் சீரமைப்பு மானிட்டருக்குள்ளேயே சேமிக்கப்படும். கணினியை மாற்றினாலும் பெரும்பகுதி அப்படியே கூட வரும். ஒரு பதிப்பகத்தின் பத்து நூல் வரிசைக்கு ஒரே சிவப்பைக் காப்பாற்ற வேண்டியவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் செய்து பார்த்தால் உணர்வீர்கள்.

பழுது நீக்குவதைத்தான் கடைகளில் யாரும் பேச மாட்டார்கள். மெல்லிய ஆல் இன் ஒன்கள் பலவற்றில் திரை உடலோடு ஒட்டப்பட்டிருக்கும். சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவில் ஒருவர் அதைத் திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சிறிய பிளாஸ்டிக் சக்கரம் ஒன்றைக் கண்ணாடியின் விளிம்புக்குள் விட்டு, சுற்றிலும் உருட்டிப் பசையை அறுத்தார். பிறகு உறிஞ்சு குமிழ் வைத்து ஒரு பக்கத்தை மட்டும் விரல்கடை உயர்த்தி, உள்ளே டார்ச் அடித்து, திரையையும் பலகையையும் இணைக்கும் மெல்லிய கேபிள்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றினார். வேகமாகத் தூக்கியிருந்தால் கேபிள் போயிருக்கும், இரண்டாவதாகத் திரை போயிருக்கும். கடைசியில் பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, புதுப் பசைப் பட்டை ஒட்டினார். இவ்வளவும் ஓர் எஸ்எஸ்டி மாற்றுவதற்கு. தனிக் கேபினட்டில் அதே வேலைக்கு பக்கத் தகட்டைத் திறந்து ஒரு திருகைக் கழற்றினால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி நடக்கும் என்பதால் நம் தொழிலில் டிசம்பர்தான் உயிர் போகும் மாதம். அப்படி ஒரு டிசம்பரில் நண்பர் ஒருவரின் ஆல் இன் ஒன்னில் திரையின் பின்னொளி போய்விட்டது. கணினி ஓடிக்கொண்டிருந்தது. செல்பேசி வெளிச்சத்தைத் திரைமேல் சாய்த்துப் பிடித்தால், திறந்து வைத்த பக்கமும் அதில் பாதியில் நின்ற பத்தியும் மங்கலாகத் தெரிந்தன. அந்த மாடலில் வேறு திரையை இணைக்கும் துளையும் இல்லை. சர்வீஸ் சென்டரில் உதிரிப் பாகம் வர வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அச்சகத்தில் அவருக்காக ஒதுக்கியிருந்த நேரம் இன்னொருவருக்குப் போனது. தனி மானிட்டர் என்றால் வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி அன்றிரவே கோப்பை அனுப்பியிருப்பார்.

அந்தப் பெட்டியோடு வெளிவராத கையெழுத்துப் பிரதிகளும் சேர்ந்து போயின என்பதையும் யோசியுங்கள். எழுத்தாளர் நம்மை நம்பிக் கொடுத்தவை அவை. மானிட்டரைப் பழுது பார்க்கக் கொடுத்தால் அதில் யாருடைய கோப்பும் இருக்காது.

வீடியோவோ முப்பரிமாண வேலையோ பின்னால் செய்யும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. ஆல் இன் ஒன்களில் பெரும்பாலும் மடிக்கணினி வகைச் செயலியும் கிராபிக்ஸும்தான் இருக்கும். நடுத்தர கிராபிக்ஸ் கார்டான ஆர்டிஎக்ஸ் 3060-யே 170 வாட் இழுக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற மெல்லிய உடலில் இடமில்லை.

இடக்குறைவு உண்மையான பிரச்சினைதான். அதற்கும் இப்போது வழி இருக்கிறது. 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்த மேக் மினி 12.7 சென்டிமீட்டர் சதுரம், உள்ளங்கையில் அடங்கும். அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி ரேம். இந்தியாவில் அறிமுக விலை 59,900 ரூபாய். அதே எம்4 சில்லுடன் வந்த ஐமேக்கின் தொடக்க விலை 1,34,900. இடையில் 75,000 ரூபாய். கீபோர்டு, மவுஸ், கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள் வர வேண்டும் என்றாலும் நல்ல 27 அங்குல 4கே மானிட்டருக்கு அது தாராளம். இரண்டிலுமே ரேமைப் பின்னால் கூட்ட முடியாது, ஆகவே வாங்கும்போதே யோசித்து வாங்குங்கள். விண்டோஸ் என்றால் மினி பிசிக்கள் பல நிறுவனங்களிலும் உண்டு. மானிட்டரின் முதுகிலுள்ள வெசா எனப்படும் திருகுத் துளைகளில் மாட்டிவிட்டால் மேசையில் திரை மட்டும்தான் தெரியும். மானிட்டரின் காலே அந்தத் துளைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை வரவேற்பு மேசை, கடை பில் கவுன்ட்டர், நூலகம், மின்னஞ்சலும் வீடியோ அழைப்பும் மட்டும் பார்க்கும் பெற்றோர் என்று எங்கெல்லாம் ஒரே வயரும் ஒழுங்கான மேசையும் முக்கியமோ, அங்கெல்லாம் ஆல் இன் ஒன்னைத் தயங்காமல் சொல்வேன். ஒரு நாள் நின்றால் வருமானம் நிற்கும் இடத்தில்தான் சொல்ல மாட்டேன்.

பணத்தை மானிட்டரிலிருந்து தொடங்கி ஒதுக்குங்கள். 27 அங்குலம், 4கே, ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), கண்ணைக் கூசாத மேற்பரப்பு, உயரத்தை ஏற்றி இறக்கும் கால். கால் விஷயத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். 24 அங்குல ஐமேக்கைச் சாய்க்கலாமே தவிர உயர்த்த முடியாது, எட்டு மணி நேர வேலைக்குப் பின் அது கழுத்தில் தெரியும். மீதிப் பணத்துக்கு எந்தக் கணினி வருகிறதோ அதை வாங்குங்கள். இரண்டு ஆண்டில் சம்பாதித்து மாற்றிக்கொள்ளலாம். மானிட்டர் வீட்டுக்கு வந்த அன்றே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் முழுத்திரையில் வைத்து, செத்த புள்ளி இருக்கிறதா என்று மூலைமுடுக்கெல்லாம் பாருங்கள். இருந்தால் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்குச் சொல்லிவிடுங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் அதுவரை எறிய வேண்டாம்.