செட்டிநாட்டு ஊர்களில் ஊருணி தூர்வாரியும் தண்ணீர் நிற்காதது ஏன்?

பெரும்பாலும் ஆழமாகத் தோண்டியதால்தான்.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழையின் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். நிலம் செம்மண், அடியில் செம்பூரான் கல் என்னும் துளைகள் நிறைந்த செம்பாறை; இரண்டும் நீரை உறிஞ்சும். அதனால்தான் பொட்டலில் விழும் மழையை வரத்துக்கால் வழியே குடிநீர் ஊருணிக்குக் கொண்டுவந்தார்கள். கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் தெருக்கள் நேர்கோட்டில் ஓடுவதும், ஓட்டுக்கூரை நீர் முற்றத்தில் இறங்குவதும் இதே நீர்க்கணக்கின் பகுதிகளே. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிய செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளின் பெருமை மாளிகைகளோடு முடிவதில்லை.

ஊருணியின் அடியில் படிந்த களிமண்தான் நீரைத் தாங்கும். ஜேசிபி அதையும் அள்ளினால் கார்த்திகையில் நிரம்பியது தையிலேயே இறங்கிவிடும். கரும்வண்டலை மட்டும் எடுங்கள். பிசுபிசுப்பான களி தென்பட்டதும் நிறுத்துங்கள். ஓட்டை விழுந்திருந்தால் களியைப் பரப்பி, நனைத்து, மிதித்து இறுக்குங்கள்.

அதற்கும் முன்னால் வரத்துக்காலைப் பாருங்கள். சாலையை உயர்த்தும்போது குழாய்ப் பாலம் வைக்காமல் விட்டிருப்பார்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, ஆவணிக்குள் வழியைத் திறந்துவிடுங்கள். சாக்கடை கலக்கும் கால்வாயை மட்டும் கட்டாயம் திருப்பிவிட வேண்டும்.